ப்ளஸ் ஒன் அறிவியல் வகுப்புக்கு யார் பொறுப்பு? பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக்கல்வித் துறைச் செயலாளர், பள்ளிக்கல்வி இயக்குநர், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்கள் ஆகியோருக்கு,

2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையில், 2025-26 கல்வியாண்டு முதல் ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது என்று அறிவித்தீர்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று ஆண்டு பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் சுமை குறையட்டும் என்ற நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அந்தத் தேர்வைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்கவும் இதை எழுதவில்லை. பொதுத்தேர்வை எடுத்தால் பல பள்ளிகளில் ப்ளஸ் ஒன் அறிவியல் வகுப்பும் சேர்ந்தே போய்விடும் என்பது உங்கள் துறைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், வகுப்பு நடக்கிறதா என்று பார்க்க வேறு ஏற்பாடு எதுவும் எனக்குத் தெரிந்த பள்ளிகளுக்கு இதுவரை வந்து சேரவில்லை. என் புகார் அதுதான்.

உங்களுக்குத் தெரியும் என்று ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், 2017 மே மாதம் ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தபோது உங்கள் துறையே சொன்ன காரணம் இது. பல தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் புத்தகத்தைப் பெயருக்குப் புரட்டிவிட்டு ப்ளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டு நடத்துகின்றன, அதனால் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்த் தடுமாறுகிறார்கள், அகில இந்திய நுழைவுத் தேர்வுகளில் பின்தங்குகிறார்கள் என்று சொல்லித்தான் 2018 மார்ச்சில் முதல் தேர்வை நடத்தினீர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ப்ளஸ் ஒன் மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குத் தேவையில்லை என்று அறிவித்தபோதே அந்தத் தேர்வு பாதி பலத்தை இழந்துவிட்டது. மீதிப் பாதி இப்போது போயிருக்கிறது. அன்றைக்குச் சொன்ன நோய் குணமாகிவிட்டதா என்று யாராவது பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தீர்களா?

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் மாலை நேரத்தில் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். எம்.எஸ்சி. படித்தவள். அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி மாணவியாக இருந்தவள். சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள், உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள், மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் வருகிறார்கள். ஒரே அறையில் உட்காரும் இவர்களின் பள்ளி நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக்கூடக் கிடைக்காது.

இந்த ஆண்டு நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு தனியார் பள்ளி மாணவி காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது பையில் ப்ளஸ் டூ இயற்பியல் முதல் தொகுதி இருந்தது. ப்ளஸ் ஒன்னில் ஈர்ப்பியல் வரைக்கும் ஓட்டிவிட்டு, "மீதியெல்லாம் தேவைப்பட்டால் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்களாம். பருப்பொருளின் பண்புகள், வெப்ப இயக்கவியல், அலைவுகள், அலைகள் எல்லாம் அந்த "அப்புறம்" என்ற சொல்லுக்குள் போய்விட்டன. இன்னொரு பையன் அரசு மேல்நிலைப் பள்ளி. அங்கே இயற்பியல் முதுகலை ஆசிரியர் பணியிடம் காலி. பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மாற்றுப்பணியில் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார். வருகிற இரண்டு நாளையும் ப்ளஸ் டூவுக்குத்தான் கொடுக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? ப்ளஸ் ஒன் பிள்ளைகள் இயற்பியல் பீரியடில் தமிழ்ப் பாடம் படிக்கிறார்கள், இல்லாவிட்டால் மைதானத்தில் இருக்கிறார்கள். பொதுத்தேர்வு இருந்தவரை இப்படிப்பட்ட பள்ளிகளில் ஜனவரி வந்தால் ஒரு பதற்றமாவது வரும். தலைமையாசிரியர் எங்கிருந்தாவது ஒருவரைப் பிடித்துவந்து ஸ்பெஷல் கிளாஸ் வைப்பார். இந்த ஆண்டு அந்தப் பதற்றமும் இல்லை.

ஆய்வகத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ப்ளஸ் ஒன் இயற்பியல் செய்முறையில் தனி ஊசல் ஒரு சோதனை. நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஆடவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். காசே செலவாகாத சோதனை. என்னிடம் வரும் இரண்டு பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகளில் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 60 சென்டிமீட்டருக்கு 31.1 விநாடி, 80-க்கு 35.9, 100-க்கு 40.1. இரண்டு நோட்டிலும் தசமப்புள்ளி மாறாமல் அதே எண்கள். இரண்டிலும் சிவப்பு மையில் கையெழுத்து, தேதி. எண்கள் சரியானவைதான். எப்போதோ யாரோ நிஜமாகவே அளந்து எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு செட்டும் முந்தைய செட்டின் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறது.

"இதை நீங்க செஞ்சு பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவர்களில் ஒரு பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "மிஸ், ஒரு அலைவுன்னா போயிட்டுத் திரும்பி வர்றதா, இல்ல போறது மட்டுமா?"

பதில் சொல்லவில்லை. தையல் நூலும் ஒரு பூட்டும் கொடுத்து ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னேன். பூட்டின் நடுப்பகுதி வரைக்கும் ஒரு மீட்டர் அளந்தார்கள். அவள் ஒரு பக்கம் போவதை ஒன்று, திரும்புவதை இரண்டு என்று எண்ணினாள். கூட இருந்த பையன் போனில் நேரம் பார்த்தான். ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தை (சூத்திரத்தில் டி) வைத்துக் கணக்குப் போட்டார்கள். 9.8 வர வேண்டிய இடத்தில் 39-க்குப் பக்கத்தில் வந்தது. முதலில் பெருக்கலில் தப்பு என்று நினைத்துத் திரும்பவும் போட்டார்கள். அதே விடை. பிறகு அந்தப் பையன்தான் சொன்னான்: "நாலு மடங்கு வருது. டி ஸ்கொயர் கீழே இருக்கு. அப்போ நேரம் பாதியாயிருக்கணும். நாமதான் பாதி பாதியா எண்ணியிருக்கோம்." திரும்ப ஆடவிட்டார்கள். இந்தத் தடவை 9.8-க்கு அருகில் வந்தது. அந்தப் பெண் தன் ரெக்கார்டு நோட்டை எடுத்து, அதில் எழுதியிருந்த 40.1 என்ற எண்ணையும் தன் கையால் அளந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். அதன் அர்த்தம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதற்குச் செலவான நேரம் ஒரு பீரியடுக்கும் குறைவு. அவர்கள் படிக்கும் பள்ளியில் ஆய்வகம் இருக்கிறது. ஊசல் குண்டு இருக்கிறது, நிறுத்துகடிகாரம் இருக்கிறது, நல்ல மேசைகள் இருக்கின்றன. கதவு பூட்டியிருக்கிறது. ஆய்வக உதவியாளர் அலுவலக வேலையில் இருக்கிறார். பிப்ரவரியில் ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கும்போது திறந்து தூசி தட்டுவார்கள்.

வேதியியல் இதைவிட மோசம். உப்புப் பகுப்பாய்வு என்றால் பிள்ளைகளுக்குச் செய்முறைகளின் வரிசை மனப்பாடம். எந்த உப்பு வரும் என்பதும் முன்கூட்டியே காதுக்கு வந்துவிடுகிறது. நைட்ரேட் உப்பைக் கண்டறியும் பழுப்பு வளையச் சோதனையை எழுத்துப் பிழையில்லாமல் எழுதும் பையன் சோதனைக்குழாயில் அந்த வளையம் எப்படி வரும் என்று பார்த்ததே இல்லை. கந்தக அமிலத்தைக் குழாயின் பக்கவாட்டில் மெதுவாக விட வேண்டும் என்று எழுதுகிறான். ஏன் மெதுவாக, ஏன் பக்கவாட்டில் என்று கேட்டால், "புக்ல அப்படித்தான் இருக்கு" என்கிறான். குலுக்கினால் வளையம் கலைந்துவிடும் என்பதை ஒருமுறை கலைத்துப் பார்த்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மதிப்பெண் முறையே இதற்கு வழிவிடுகிறது. ஒரு அறிவியல் பாடத்துக்கு நூறில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் 15 எடுத்து, மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 30 மதிப்பெண் கிட்டத்தட்ட எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகள் தேர்ச்சி பெற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் ஆசிரியர்கள் போடுகிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்காமலே கிடைக்கும் மதிப்பெண்ணுக்காக யாரும் ஆய்வகத்தைத் திறக்கப்போவதில்லை.

ப்ளஸ் ஒன் போனால் என்ன, ப்ளஸ் டூவில் நன்றாகப் படித்துக்கொள்ளலாமே என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்கிறார்கள். தனியார் பள்ளி நிர்வாகங்களும் அப்படித்தான் சொல்லிச் சமாதானப்படுத்துகின்றன. ப்ளஸ் டூ முதல் பாடமான நிலைமின்னியலில் மின் இருமுனை மீது செயல்படும் திருப்பு விசை வருகிறது. அது ஒரு வெக்டர் பெருக்கல். வெக்டர் பெருக்கலும் திருப்பு விசையும் ப்ளஸ் ஒன் பாடம். கூலூம் விதியை நியூட்டனின் ஈர்ப்பு விதியோடு ஒப்பிடாமல் சொல்லித்தர எனக்குத் தெரியாது. மாறுதிசை மின்னோட்டத்தில் மின்தூண்டியும் மின்தேக்கியும் ஆற்றலை மாற்றி மாற்றிக் கொள்ளும் இடத்தை, சுருள்வில்லின் தனிச்சீரிசை இயக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் பாடப்புத்தகமே விளக்குகிறது. சுருள்வில்லையே பார்க்காத பிள்ளைக்கு அந்த ஒப்பீட்டால் என்ன பயன்? வேதியியலில் மோல் கணக்கு ப்ளஸ் ஒன் முதல் பாடம். கரிம வேதியியலின் அடிப்படை முழுக்க ப்ளஸ் ஒன்னில் இருக்கிறது. அது இல்லாமல் ப்ளஸ் டூவில் வரும் ஆல்கஹாலையும் ஆல்டிஹைடையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியே இல்லை. அஸ்திவாரம் போடாத வீட்டுக்கு மேல்மாடி எழுப்பச் சொல்கிறோம்.

பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் ப்ளஸ் டூ மதிப்பெண்ணில் மட்டும் போடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. அதனால் ப்ளஸ் ஒன்னைத் தவிர்த்த பள்ளிக்கு ரிசல்ட் நன்றாகவே வரும். அடி விழுவது முதலாம் ஆண்டு கல்லூரியில். என் பழைய மாணவர்கள் சிலர் முதல் செமஸ்டரில் அரியர் வைத்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்து ப்ளஸ் ஒன் இயக்கவியலைத் திரும்பப் படித்திருக்கிறார்கள். பள்ளியில் தொண்ணூறுக்கு மேல் எடுத்த பிள்ளைகள் அவர்கள். "எனக்கு இஞ்சினியரிங் வராது போலிருக்கு மிஸ்" என்று தங்களைத்தான் நொந்துகொள்கிறார்கள். பள்ளி ஓராண்டுப் பாடத்தை நடத்தவே இல்லை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

நீட் தேர்வு இருக்கலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் இங்கே போகப்போவதில்லை. அது இருக்கிறவரை அதன் பாடத்திட்டத்தில் கிட்டத்தட்ட பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மிக நல்ல சட்டம் அது, என் ஊரில் அந்தச் சட்டத்தை நம்பிப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பள்ளியில் ப்ளஸ் ஒன் விலங்கியலும் இயற்பியலும் நடக்காவிட்டால் ஒதுக்கீட்டை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

ஆசிரியர்களைப் பழி சொல்லும் கடிதமாக இது போய்விடக்கூடாது. என் ப்ளஸ் ஒன் ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியிலும் அப்போது இயற்பியல் ஆசிரியர் இல்லை. பாதி ஆண்டு விலங்கியல் டீச்சர் வந்து உட்கார்ந்து எங்களை அமைதியாக இருக்க வைத்துவிட்டுப் போவார். அரையாண்டுக்குச் சற்று முன்பு பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் ஒரு டீச்சர் வந்தார். எம்.எஸ்சி., பி.எட். முடித்து அரசு வேலைக்குக் காத்திருந்தவர். சம்பளம் மிகக் குறைவு, அதுவும் ஒழுங்காக வராது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வந்த முதல் வாரமே ஆய்வகச் சாவியைக் கேட்டு வாங்கினார். அலமாரியிலிருந்து சுரமானியை, அதாவது பெட்டியின் மேல் கம்பியை இழுத்துக் கட்டிய கருவியை, எடுத்துவந்து மேசையில் வைத்தார். கம்பியின் நடுவில் சின்னதாக மடித்த ஒரு காகிதத் துண்டைச் சவாரி ஏற்றினார். இசைக்கவையைத் தட்டி அதன் காம்பைப் பெட்டியின் மேல் ஊன்றினார். ஒன்றும் நடக்கவில்லை. கம்பியைத் தாங்கும் ஆப்புக்கட்டையை ஒரு நூல் அளவு நகர்த்தினார். திரும்பத் தட்டினார். காகிதம் இலேசாக நடுங்கியது. இன்னும் கொஞ்சம் நகர்த்தித் தட்டியபோது காகிதம் துள்ளி வெளியே விழுந்தது. யாரும் அதைத் தொடவில்லை. நாங்கள் கத்திய கத்தலில் தலைமையாசிரியை வந்து எட்டிப் பார்த்தார்.

ஒன்றின் அதிர்வெண்ணோடு இன்னொன்றின் அதிர்வெண் பொருந்தும்போது அதுவும் பலமாக அதிர்வதுதான் ஒத்ததிர்வு. அன்றைக்குத்தான் அந்தச் சொல் எனக்கு ஒரு பொருளாக ஆனது. நான் இயற்பியல் எடுத்துப் படித்ததற்கு அந்தக் காகிதத் துண்டுதான் காரணம். அந்த டீச்சர் மார்ச் மாதத்தோடு நின்றுவிட்டார். அடுத்த ஆண்டுக்கு அவரைத் தொடரச் சொல்ல யாரிடமும் பணமும் இல்லை, ஆணையும் இல்லை.

அப்படிப்பட்டவர்களை இன்றைக்கும் துறை எப்படி வைத்திருக்கிறது என்பதைப் பாருங்கள். 2022-இல் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப முடிவெடுத்தபோது முதுகலை ஆசிரியருக்கு நிர்ணயித்த தொகுப்பூதியம் மாதம் 12,000 ரூபாய். அதன் பிறகு தொகை கூடியிருக்கலாம், நிலைமை மாறவில்லை. கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது, அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாது. மூன்று ஊர் தள்ளியிருந்து பஸ் ஏறி வரும் ஒருவர், எப்போது அனுப்புவார்கள் என்று தெரியாத ஒரு பள்ளியில் ஆய்வகத்தைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

நிரந்தர ஆசிரியர்களின் கதை வேறு. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டுக்கும் ஒரே இயற்பியல் ஆசிரியர். வகுப்பு முடிந்தால் மாணவர், பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு. தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தும் பணி, உதவித்தொகை விவரம், வங்கிக் கணக்கு விவரம். அதற்கு மேல் மாவட்டத்தில் மீளாய்வுக் கூட்டம். அங்கே கேட்கப்படும் கேள்வி ப்ளஸ் டூவில் எத்தனை விழுக்காடு என்பது. 2025-இல் மாநில ப்ளஸ் டூ தேர்ச்சி 95.03 விழுக்காடு. மாவட்ட வாரியாக யார் முதலிடம், யார் கடைசி என்று பட்டியல் வருகிறது. கடைசியில் இருக்கும் மாவட்டத்துத் தலைமையாசிரியர்கள் எப்படிப் பேசப்படுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதே ஆண்டு ப்ளஸ் ஒன் தேர்ச்சி 92.09 விழுக்காடு. மூன்று விழுக்காடு குறைவாக இருந்தாலும், அந்த எண்ணாவது ஒரு கேள்வியை எழுப்பியது. இந்த ஆண்டு அந்த எண்ணே கிடையாது. எண் இல்லாத வகுப்பைப் பற்றிக் கூட்டத்தில் யார் பேசுவார்கள்? இருக்கிற ஒரே ஆசிரியர் தன் நேரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்?

உங்கள் துறை அறிவியலுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் எனக்கு மிகவும் பிடித்த திட்டம். கருத்தாளர்கள் பையில் பொருள்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்து, பிள்ளைகள் கையால் சோதனை செய்ய வைக்கிறார்கள். என் அக்கா மகள் அதைப் பற்றி வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாள். ஆனால் அது ஆறு முதல் எட்டு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. சோதனையைத் தொட்டுப் பழகிய பிள்ளை, நிஜமான கருவிகள் இருக்கும் மேல்நிலைப் பள்ளிக்கு வரும்போது அதைத் தொட முடியாமல் போகிறது. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் என்று கணினிகளைக் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் தேவைதான். இப்போதெல்லாம் ஆய்வின்போது "லேப் இருக்கா, நடக்குதா?" என்று கேட்டால் கணினி அறையைத்தான் காட்டுகிறார்கள். பிப்பெட்டும் ப்யூரெட்டும் இருக்கும் அறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

முதலில், ப்ளஸ் ஒன் செய்முறைத் தேர்வு. எழுத்துத் தேர்வைப் பள்ளி அளவில் வைத்துக்கொள்ளுங்கள். செய்முறைத் தேர்வுக்கு மட்டும் ஒவ்வொரு ஆண்டும் வேறு பள்ளியிலிருந்து ஒரு தேர்வாளர் கட்டாயம் வர வேண்டும் என்று ஆணையிடுங்கள். அவர் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்த வர வேண்டாம். ஒவ்வொரு மாணவரும் தன் கையால் ஒரு சோதனையைச் செய்து, தன் அளவீட்டை எழுதி, இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னாரா என்று பார்த்துவிட்டுப் போனால் போதும். விடை தவறாக வந்தாலும் பரவாயில்லை, ஏன் தவறியது என்று சொல்லும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் உண்டு என்று அந்த ஆணையிலேயே எழுதுங்கள். அரசு, உதவிபெறும், தனியார் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் இது பொருந்த வேண்டும்.

அடுத்து, ப்ளஸ் ஒன் பாடத்தை விட்டுவிட்டு ப்ளஸ் டூ நடத்தும் பள்ளிகள். முதன்மைக் கல்வி அலுவலர்கள் அக்டோபரிலும் ஜனவரியிலும் முன்னறிவிப்பில்லாமல் போய், ஆசிரியரின் பாடத்திட்டப் பதிவேட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ப்ளஸ் ஒன் மாணவர்களின் வகுப்பு நோட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். பத்து நோட்டைப் புரட்டினால் உண்மை தெரிந்துவிடும். விதியை மீறும் பள்ளிக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பிக் கோப்பை மூடிவிடாதீர்கள். அங்கீகாரப் புதுப்பிப்பில் அதைக் கணக்கில் எடுங்கள்.

காலியிடங்கள் விஷயத்தில் ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன்: இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் முதுகலை ஆசிரியர் இடங்களில் எவை காலி என்று பள்ளிவாரியாக ஒவ்வொரு மே மாதமும் வெளியிடுங்கள். பெற்றோர் பார்க்கும்படி வெளியிடுங்கள். நிரந்தர நியமனம் தாமதமாகும் இடங்களில் தற்காலிக ஆசிரியரை ஜூன் முதல் வாரமே அமர்த்தும் அதிகாரத்தையும் பணத்தையும் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். அவருக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம் கொடுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் மாற்றுப்பணி என்ற ஏற்பாட்டை ஆண்டு முழுக்க நீட்டிக்காதீர்கள். அப்படி வருகிறவரின் நேரத்தில் ப்ளஸ் ஒன்னுக்கு உரிய பங்கு எவ்வளவு என்று எழுத்தில் நிர்ணயியுங்கள்.

ஆய்வக உதவியாளர்களை அலுவலக வேலையிலிருந்து விடுவித்து ஆய்வகத்துக்கே திருப்பி அனுப்புங்கள். மீளாய்வுக் கூட்டத்தில் ப்ளஸ் டூ தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதற்கு முன்னால், ப்ளஸ் ஒன் பிள்ளைகள் இந்த மாதம் எந்தெந்தச் சோதனை செய்தார்கள் என்று கேளுங்கள். வானவில் மன்றத்தை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நீட்டியுங்கள். மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் பல கருவிகளுக்குத் தேவைப்படுவது சின்னப் பழுதுபார்ப்பு மட்டுமே. கருத்தாளர்களுக்கு அந்தப் பயிற்சியையும் கொடுத்தால் அலமாரியில் கிடக்கும் சுரமானிகள் வெளியே வரும்.

கடைசியாக, இந்த ஆண்டு ப்ளஸ் ஒன் முடிக்கும் பிள்ளைகள். பொதுத்தேர்வு இல்லாத முதல் செட் இவர்கள். பாடம் நடக்காத பள்ளிகளில் இவர்கள் ப்ளஸ் டூவுக்குப் போவதற்கு முன்பு, ஏப்ரல், மே மாதங்களில் வெக்டர், இயக்கவியல், அலைவுகள், மோல் கணக்கு, கரிம வேதியியல் அடிப்படை ஆகியவற்றுக்கு இணைப்பு வகுப்புகள் நடத்த இப்போதே ஆணையிடுங்கள். அந்த வகுப்புகளை எடுக்கும் ஆசிரியர்களுக்குத் தனி மதிப்பூதியம் கொடுங்கள். எந்தப் பள்ளிகளில் எந்தப் பாடங்கள் விட்டுப்போயின என்று தலைமையாசிரியர்களிடம் தண்டனை பயமில்லாமல் எழுதி வாங்குங்கள்.

இவற்றில் எதைச் செய்யப்போகிறீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்பதை வரும் ஜூன் மாதம் பள்ளிகள் திறப்பதற்குள் பொதுவில் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் அரசுப் பள்ளி மாணவி, இயற்பியல் ஆசிரியை
திருவண்ணாமலை மாவட்டம்